ஆடியவளுக்குப் படியளந்தவர் யார்?

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் ஆண்டவன் படியளக்கிறான் என்பார்கள். சொல்லட்டும். நாம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த ஆண்டவனுக்கே மனைவி என்று சொல்லிப் பொட்டுக் கட்டப்பட்டாளே ஒருத்தி, அவன் சன்னிதியிலேயே சதங்கை கட்டி ஆடினாளே ஒருத்தி, அவளுக்காவது படி ஒழுங்காக வந்ததா? இன்று வந்த நெல் நாளையும் வரும் என்ற நம்பிக்கையோடு அவள் ஓர் இரவாவது கண்ணுறங்கினாளா?

தேவதாசி முறையைப் பற்றி நம் ஏடுகள் எழுதியது ஏராளம். அதன் இழிவை எழுதினோம். அதைத் தூக்கிப் பிடித்த வைதீகத்தின் வஞ்சகத்தை எழுதினோம். அதை ஒழித்தவர்களின் துணிவை எழுதினோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணின் வரவு செலவை எழுதினோமா? கலை வரலாறு எழுதுவோர் அவளுடைய அபிநயத்தை எழுதுகிறார்கள். சமய வரலாறு எழுதுவோர் அவளுடைய பக்தியை எழுதுகிறார்கள். அவள் வீட்டு நெற்குதிரை எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? புதிதாக அரங்கேறிய பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, ஆட்டம் முடிந்து முகத்து அரிதாரத்தைத் துடைக்கும்போது, முத்திரை பிசகியதா என்று எண்ணியிருப்பாள். அடுத்த அழைப்பு எப்போது என்று அதைவிடக் கூடுதலாக எண்ணியிருப்பாள்.

நாம் இதை எழுதுவது கூத்தாநல்லூரிலிருந்து. ஊர்ப்பெயரின் தலையிலேயே கூத்து நிற்கிறது. ஒருபுறம் மன்னார்குடி இராசகோபாலன் கோயில். மறுபுறம் திருவாரூர்த் தியாகராசன் கோயில். நடுவில் வயலும் வாய்க்காலும். ஆனால் ஊர் பெயர் பெற்றது ஆட்டத்தால் அன்று. பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று கடல் கடந்து வணிகம் செய்த இசுலாமியப் பெருமக்களால் பெயர் பெற்றது. ‘சின்னச் சிங்கப்பூர்’ என்றே இதை அழைப்பவர் உண்டு. கப்பல் ஏறிப் போனவரிடமிருந்து அடுத்த பணம் எந்த மாதம் வரும் என்று அஞ்சல்காரரின் வருகையைப் பார்த்துக் காத்திருந்த குடும்பங்கள் இங்கே தெருத்தெருவாக இருந்தன. வரும் நாள் தெரியாத வருவாய் மனிதர் மனத்தை என்ன செய்யும் என்பதை இவ்வூராருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே கவலை, இந்த வயல்களுக்கு அப்பால் இருந்த சன்னிதித் தெருக்களில், சலங்கை கட்டிய கால்களோடு நூற்றாண்டுகள் குடியிருந்தது.

பழைய கல்லிலிருந்தே கணக்கைத் தொடங்குவோம்.

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் இராசராசன், ஏறத்தாழ 1014-ஆம் ஆண்டில், சோழநாட்டுக் கோயில்களிலிருந்து 400 பெண்களைக் கொண்டுவந்து குடியேற்றினான். தளிச்சேரிப் பெண்டுகள் என்பது கல்வெட்டு அவர்களுக்குத் தரும் பெயர். ஒவ்வொருத்தியின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பதும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. திருவாரூர்க் கோயில்களிலிருந்து போனவர்களும் அப்பட்டியலில் உண்டு. ஒருத்திக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கென்றால் ஒரு வேலி நிலத்தின் வருவாய். ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்தவர்களுக்கு இரண்டு பங்கு.

100 கலம் என்றால் எவ்வளவு? கலத்துக்கு 12 குருணி, குருணிக்கு 8 நாழி; ஆக 9,600 நாழி. 365 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 26 நாழி நெல். குத்திப் புடைத்துப் பாதி அரிசியானாலும் 13 நாழி. ஒரு குடும்பம் உண்டு, மிஞ்சியதை விற்று, உப்பும் புளியும் துணியும் வாங்கலாம். அதைவிடப் பெரிய செய்தி, அந்த 26 நாழி மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், அவள் நன்றாக ஆடினாலும் கால் சுளுக்கிக் கிடந்தாலும், அவளுடைய பங்கு என்று எழுதப்பட்டிருந்தது. அவள் இறந்தால் நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம்.

இதைக் கேட்டதும் ‘பார்த்தீர்களா எங்கள் பொற்காலத்தை!’ என்று பூரிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க. அந்த 400 பெண்களை ஊர்விட்டு ஊர் பெயர்த்தபோது ‘வருகிறாயா?’ என்று கேட்டதாகக் கல்வெட்டில் ஒரு வரியும் இல்லை. பங்குக்கு ஒரு வேலி என்று அளந்து கொடுத்தார்களே, அந்த வேலியை உழுதவன் யார்? சேற்றில் நின்று நாற்று நட்டவள் யார்? அவளுக்கு எந்தக் கல்லில் எத்தனை கலம் வெட்டினார்கள்? காவிரியின் நெல் கோயிலுக்குள் வெள்ளமாகப் பாய்ந்தது. கோயில் வாசலுக்கு வெளியே அது கானல் நீராக இருந்தது.

பொய்யில்லை. இதே திருவாரூர் மாவட்டத்தில் திருப்பாம்புரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள 1201-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, மூன்றாம் குலோத்துங்கன் காலத்தது. பஞ்சம் வந்து, ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் என்று விலை ஏறியபோது, வேளாளர் ஒருவர் தம்மையும் தம் இரு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்ட செய்தி அதில் இருக்கிறது. அந்த இரு பெண்களையும் கோயிலுக்குள் இழுத்துச் சென்றது தெய்வ பக்தியா? கோயிலிலாவது சோறு நிச்சயம் என்ற ஒரே நினைப்பு அல்லவா? நாளைய நெல் நிச்சயமில்லை என்ற அச்சம்தான் கோயில் வாசலில் நின்று பெண் பிடித்தது. இந்தக் கட்டுரையில் நாம் சொல்லப்போகும் அத்தனையும் அந்த 110 காசுக்குள் இருக்கிறது.

புராணமும் இதற்குச் சாட்சி சொல்கிறது என்றால் பக்தர்கள் கோபிப்பார்கள். திருவாரூர்ப் பரவையார் உருத்திர கணிகையர் குலத்தவர் என்று பெரிய புராணம் சொல்கிறது. பங்குனித் திருவிழா வந்துவிட்டது, பரவையின் செலவுக்குக் கையில் பொன் இல்லை, சுந்தரர் திருப்புகலூருக்குப் போகிறார். தலைக்கு வைத்துப் படுத்த செங்கல் பொழுது விடிந்ததும் பொன்னாகிறது. கதை அழகாகத்தான் இருக்கிறது. திருவிழாவுக்கு முந்தைய வாரம் வீட்டில் காசு இல்லை என்ற அந்த இடம் மட்டும் கதையாகத் தெரியவில்லை. அதை எழுதியவர் சன்னிதித் தெருவை நன்கு அறிந்தவராக இருக்க வேண்டும். சுந்தரரின் மனைவிக்குச் செங்கல் பொன்னானது. மற்ற வீடுகளில் செங்கல் செங்கல்லாகவே இருந்தது.

சோழர் போயினர், நாயக்கர் வந்தனர், மராட்டியர் வந்தனர். பங்கு சுருங்கியது. ஒரு குடும்பத்துக்கு என்றிருந்த கோயில் மானியம் மகள்களுக்கும் பேத்திகளுக்கும் பிரிந்து பிரிந்து ‘முறை’ ஆயிற்று. இந்த மாதம் இந்த வீட்டு முறை, அடுத்த மாதம் அடுத்த வீட்டு முறை. முறை வந்தால் பட்டைச் சோறு உண்டு. முறை முடிந்தால் அதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா, கோயில் ஆடல் மகளிருக்கு நிலையான சம்பளம் இருந்தும் அது மிகச் சிறியது என்றும், பற்றாக்குறையை அவர்கள் வேறு வழியில் ஈடு செய்ய நேர்ந்தது என்றும் எழுதிவைத்தார். பாதிரியாரின் கண்ணோட்டத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கில் அவர் தவறவில்லை.

கோயில் கைவிட்ட இடத்தை அரண்மனை சிறிது காலம் நிரப்பியது. இரண்டாம் சரபோசியின் ஆட்சியிலும் (1798–1832) அவர் மகன் சிவாசியின் ஆட்சியிலும் தஞ்சை அரண்மனை ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் கொட்டிக் கொடுத்தது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு உடன்பிறந்தார் சதிர்க் கச்சேரிக்கு இன்றுவரை நிற்கும் வடிவத்தைக் கொடுத்தது அங்கேதான். 1855-இல் ஆண் வாரிசின்றிச் சிவாசி மறைந்தார். வாரிசு இல்லை என்ற சாக்கில் கும்பெனியார் அரசைச் சுருட்டிக்கொண்டனர். ஒரு மன்னனின் மறைவோடு எத்தனை அடுப்புகள் அணைந்தன! அரண்மனைப் படி நின்றது. கலைஞர் கூட்டம் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கும் மைசூருக்கும் திருவிதாங்கூருக்கும் நடந்தது. 1880-இல் தஞ்சை அரச குடும்பத்துப் பெண் பரோடா மன்னர் மூன்றாம் சயாசிராவுக்கு வாழ்க்கைப்பட்டபோது, சீர்வரிசையோடு சீர்வரிசையாக ஆடல் மகளிரும் அனுப்பப்பட்டனர். காந்திமதி, கௌரா என்ற அந்த இருவருக்கும் பரோடா அரண்மனையில் மாதச் சம்பளம் கிடைத்தது. பண்டம்போல் அனுப்பப்பட்டார்களே என்று நாம் கொதிக்கிறோம். தஞ்சையில் மீந்திருந்த அவர்களுடைய தோழிகளோ, மாதச் சம்பளமாமே என்று பெருமூச்சு விட்டிருக்கக் கூடும்!

அதற்கு முன்பே ஒரு குழு கடலையே தாண்டியது. கடலூருக்கு அருகிலுள்ள திருவயிந்திரபுரத்து ஆடல் மகளிரும் இசைக்காரர்களும், தார்திவேல் என்ற பிரெஞ்சுக்காரரோடு புதுச்சேரியில் ஒப்பந்தம் எழுதி, 1838-இல் பாரிசு நகரம் போய்ச் சேர்ந்தனர். பாரிசில் வரியேத்தே அரங்கிலும், பின்னர் இலண்டனில் அடெல்பி அரங்கிலும் ஆடினர். அம்மணி என்ற நங்கையைப் பார்த்து எழுத்தாளர் கோத்தியே உருகி எழுதினார். சிற்பி பார் அவளை வெண்கலத்தில் வார்த்தார். ஐரோப்பியக் கண்ணுக்கு அவர்கள் கீழ்த்திசையின் விந்தைப் பொருள்கள். பாரிசுப் பத்திரிகைகள் அவர்களின் நிறத்தையும் நகையையும் கண்ணையும் பக்கம் பக்கமாக வருணித்தன. நாம் அந்த ஒப்பந்தத்தை எண்ணிப் பார்க்கிறோம். கோயில் ஊழியத்தை விட்டு, முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் பின்னால், மாதக் கணக்கில் கப்பலில் போக ஒரு சிறுமி உள்ளிட்ட குழு ஏன் இசைந்தது? எழுத்தில் உறுதி செய்த ஊதியம் என்பது அத்தனை அரிய பொருளாக இருந்தது.

அரண்மனை போனபின் எஞ்சியவர் மிராசுதாரர். இனி நாட்டியக்காரியின் ஆண்டைப் பாருங்கள். பஞ்சாங்கத்தைப் பிரித்தாலே அவளுடைய வரவேடு தெரிந்துவிடும்.

தை பிறக்கும். சம்பா அறுவடை. களத்தில் நெல் குவிந்தால்தான் மிராசுதாரர் வீட்டில் கலியாணம்; கலியாணம் என்றால்தான் பெரிய மேளத்தோடு சின்ன மேளம்; சின்ன மேளம் என்றால்தான் அவளுக்கு அழைப்பு. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று திருமணமும் திருவிழாவும் மாறி மாறி வரும். ஒரே இரவில் இரண்டு ஊருக்கு அச்சாரம் வாங்கும் வாரமும் உண்டு. ஆனி முடியும். ஆடியில் கலியாணம் இல்லை. ஆவணியில் சிறிது தலைகாட்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, வண்டிப்பாதை சேறு, பயிர் வயலில், மிராசுதாரரே கடன் வாங்கி உண்ணும் காலம், கூத்துக்கு யார் கொடுப்பார்? மார்கழியில் மீண்டும் கலியாணம் இல்லை. ஆக, ஆண்டில் பாதி வருவாய், பாதி வாய்தா. அந்தப் பாதியும் நிச்சயமா? ஆற்றில் தண்ணீர் பிந்தினால், புயலில் பயிர் சாய்ந்தால், ஊர்ப் பெரியவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், அழைப்பு மடங்கிப் போகும். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்படும் வரை காவிரியின் மனம்போலத்தான் வயலும். வயலின் மனம்போலத்தான் மிராசுதாரர். மிராசுதாரர் மனம்போலத்தான் அவள்.

வந்த பணமும் முழுதாக அவளுக்கில்லை. நட்டுவனாருக்குப் பங்கு, மிருதங்கத்துக்குப் பங்கு, பின்பாட்டுக்குப் பங்கு, துருத்திக்குப் பங்கு. புதிதாக அரங்கேறியவள் என்றால் இன்னும் கொடுமை. ஏழெட்டு ஆண்டு பயிற்சி. அதுவரை செலவேயன்றி வரவில்லை. அரங்கேற்றத்துக்குப் பட்டு, நகை, ஆசானுக்குக் காணிக்கை, ஊருக்கு விருந்து. சலங்கை கட்டும் நாளிலேயே பல பெண்களின் காலில் கடனும் சேர்ந்து கட்டப்பட்டது. பெயர் பரவினால்தான் அழைப்பு. அழைப்பு வந்தால்தான் பெயர் பரவும். இந்த இரண்டுக்கும் இடையில் நின்ற அந்த இளம்பெண்ணின் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும் என்பதைப் பதம் எழுதிய புலவர் எவரும் பாடவில்லை. அவர்கள் பாடிய ஏக்கம் எல்லாம் நாயகன் வரவில்லையே என்ற ஏக்கம். நெல் வரவில்லையே என்ற ஏக்கத்துக்கு இராகம் அமைக்க ஆளில்லை.

அந்த வீட்டுப் பெண்கள் என்ன செய்தார்கள்? விதியே என்று மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. கணக்கில் கெட்டிக்காரிகள் அவர்கள். வீட்டின் பணப்பெட்டி மூத்த கிழவியின் இடுப்புச் சாவியில் இருக்கும். அக்காள் ஆடிய பணம், தங்கை பாடிய பணம், தம்பி மிருதங்கம் தட்டிய பணம் எல்லாம் ஒரே பெட்டிக்குள். ஒருத்திக்கு அழைப்பில்லாத மாதத்தில் இன்னொருத்தியின் வரவு வீட்டைத் தாங்கும். தை மாசியில் வந்த காசு கையில் தங்காது. அட்டிகையாகும், ஒட்டியாணமாகும், இராக்கொடியாகும். அலங்காரம் என்று ஊரார் நினைத்தார்கள். உண்மையில் அவள் தன் சேமிப்பை உடம்பிலே சுமந்து ஆடினாள். ஐப்பசியில் அதே ஒட்டியாணம் வட்டிக்கடைக்குப் போகும். தையில் திரும்பி வரும். சில ஆண்டுகளில் திரும்பி வராது. வீணை தனம்மாள் (1867–1938) போன்ற ஈடிணையற்ற கலைஞரின் இல்லத்திலேயே கடன் தீராத விருந்தாளியாக இருந்ததென்றால், திருவாரூரிலும் மன்னார்குடியிலும் பெயர் தெரியாமல் ஆடி ஓய்ந்தவர்களின் வீட்டைச் சொல்லவா வேண்டும்?

இத்தனை உபாயத்துக்கும் மேலே இரண்டு உபாயங்கள் இருந்தன. நம் வயிற்றெரிச்சல் அந்த இரண்டின் மேல்தான்.

ஒன்று, ஆதரவாளர். பத்து ஊர் அழைப்பை நம்புவதைவிட ஒரு மிராசுதாரரை நம்புவது மேல் என்று கிழவி கணக்குப் போட்டாள். அவர் ஒரு வீடு எழுதி வைப்பார், இரண்டு மா நிலம் எழுதி வைப்பார், மாதா மாதம் நெல் அனுப்புவார். புதிதாக ஆட வந்த பெண்ணின் விருப்பு வெறுப்பு அந்தக் கணக்கில் ஒரு வரியாகக் கூட ஏறவில்லை. மிராசுதாரர் கண்ணை மூடினார் என்றால் அவருடைய மக்கள் நெல் வண்டியை நிறுத்துவார்கள். வீட்டை மீட்க வழக்குப் போடுவார்கள். மறுபடியும் கணக்கு முதலிலிருந்து.

மற்றொன்று, பெண் குழந்தை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆட்டக்காரிக்கு அழைப்புக் குறையும். அவளுக்கு ஓய்வூதியம் யார் தருவார்? மகள் பிறந்தால் மகள். பிறக்காவிட்டால் சுவீகாரம். ஆடல் மகளிர் பெண்ணைச் சுவீகாரம் எடுப்பதைச் சென்னை உயர்நீதிமன்றமும் ஏற்றது. மற்ற இந்துப் பெண்ணுக்கு இல்லாத சொத்துரிமை தாசிக்கு இருந்தது என்று சிலர் இன்று சிலாகிக்கிறார்கள், இருந்தது உண்மை. அந்த உரிமையின் மறுபக்கம், இன்னொரு வீட்டு ஏழைக் குழந்தை இந்த வீட்டு முதுமைக்குக் காப்பீடாக வாங்கப்பட்டது என்பது.

திருவாரூரில் 1883-இல் பிறந்த ஒரு குழந்தை அப்படித்தான் கைமாறியது. வறுமை தாளாத பெற்றோர், பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் அச்சிறுமியைத் தாசி ஒருவரிடம் கொடுத்துவிட்டனர். மூவலூரில் வளர்ந்த அந்தச் சிறுமியை நம் இயக்கம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் என்று அறியும். விலை கொடுத்தவளுக்கும் நாளைய கவலை. விலை வாங்கியவர்களுக்கும் நாளைய கவலை. இரண்டு கவலைகளுக்கு நடுவே ஒரு குழந்தை. 1936-இல் அம்மையார் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற புதினத்தை வெளியிட்டார். மைனர்களின் சொத்தை உறிஞ்சும் வீடுகளைப் பச்சையாகவே காட்டினார். படிப்பவர் அந்தப் பேராசையைக் கண்டு பல்லைக் கடிப்பர். அந்தப் பேராசைக்குப் பின்னால் அடுத்த ஐப்பசியைப் பற்றிய அச்சம் நின்றதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

சீர்திருத்தம் எப்படி வந்தது? முதலில் அழைப்பை நிறுத்தும் வடிவில் வந்தது. 1892 முதல் சென்னைச் சீர்திருத்தக்காரர்கள் நாட்டியக் கச்சேரிகளைப் புறக்கணிக்கக் கிளர்ச்சி தொடங்கினர். 1893-இல் அரசப் பிரதிநிதிக்கும் ஆளுநருக்கும் விண்ணப்பம் போயிற்று. அவர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் படித்த வீடுகளில் சதிர் குறையத் தொடங்கியது. அழைப்பது இழிவு என்றார்கள், சரி. அழைப்பு நின்றபின் அவள் எதை உண்பாள் என்பதற்கு அந்தக் கனவான்களிடம் பதில் இல்லை. ஆட்டத்தை நிறுத்திய கைக்கு ஆட்டக்காரியின் உலையை ஏற்றத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியைச் சட்டமன்றத்துக்குள் கொண்டுபோனவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர்; தாயார் சந்திரம்மாள் அந்தக் குலத்திலிருந்தே வந்தவர். 1927-இல் சட்டமன்றத்தில் அடியெடுத்து வைத்தார். சாத்திரத்தை எதிர்த்து அவர் பேசியதைப் பாராட்டாதவர் இல்லை. நாம் கூடுதலாகப் பாராட்டுவது 1929-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தை. கோயில் ஊழியத்துக்காக மானிய நிலம் வைத்திருந்த பெண், இனி ஊழியம் செய்ய வேண்டியதில்லை. நிலம் மட்டும் அவளுக்கே நிற்கும் என்றது அச்சட்டம். எவ்வளவு நுட்பமான வேலை! பொட்டை அறுக்க வேண்டுமானால் பொட்டோடு சேர்த்துக் கட்டியிருந்த நெல்லை முதலில் அவிழ்த்து அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று அந்த மருத்துவர் கண்டுகொண்டார்.

மானியம் இல்லாதவர்கள் இருந்தார்களே, அவர்கள்? அங்கேதான் முடிச்சு. 1927-லேயே தாசிகள் சங்கம் அமைத்து மசோதாவை எதிர்த்து அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரும் பாடகியர் அதில் முன்னின்றனர். அடிமைத்தனத்தின் மேல் இவர்களுக்கு ஆசையா என்று நம்மவர் பலர் நகைத்தனர். நகைப்பதற்கு முன் மனுக்காரிகளின் அச்சத்தை எண்ணியிருக்கலாம்: ஆட்டமும் போய், பாட்டமும் போய், இழிபெயர் மட்டும் நின்றால் எந்தக் கடையில் அரிசி கிடைக்கும்? சத்தியமூர்த்தி போன்றவர்கள் கோயிலுக்காக எதிர்த்ததும், இந்தப் பெண்கள் வயிற்றுக்காக எதிர்த்ததும் ஒன்றல்ல.

1930-இல் முத்துலட்சுமி ரெட்டியார் பதவி விலகினார். மசோதா கிடப்பில் விழுந்தது. அதே ஆண்டு அவர் ஔவை இல்லத்தைத் தொடங்கினார். தாசி வீட்டை விட்டு வெளியேறிய சிறுமியருக்கு வேறு விடுதிகள் கதவடைத்தபோது தம் வீட்டுக் கதவையே திறந்தார். படிப்பும் தொழிலும் கற்பித்தார். ஒருத்திக்கு ஆசிரியை வேலை கிடைத்தால் மாதம் முதல் தேதியில் சம்பளம். பொட்டுக்கட்டு முறைக்கு அதைவிடக் கூர்மையான கத்தரிக்கோல் கிடையாது. ஒரு பள்ளி ஆசிரியர் என்ற முறையில் அந்த முதல் தேதியின் வலிமையை நாமும் அறிவோம்!

பதினேழு ஆண்டு கழித்து, 1947-இல், சென்னை மாகாணத்தின் 31-ஆம் எண் சட்டம் பொட்டுக்கட்டுவதைக் குற்றமாக்கியது. நாடெங்கும் நம் தோழர்கள் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் அச்சட்டம் அவள் வயிற்றுக்கு வழி வகுத்ததா? அந்தக் குலத்து ஆண்களுக்கு நாகசுரம் இருந்தது, தவில் இருந்தது, நட்டுவாங்கம் இருந்தது. அவற்றுக்கு மதிப்பும் கூடியது. பெண்ணிடம் இருந்த ஒரே தொழிலோ, அதற்குள் வேறு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 1931-இல் சென்னை சங்கீத வித்வத் சபை திருவாளப்புத்தூர்க் கலியாணியின் மக்களை மேடையேற்றியது. 1932-இல் சதிர் என்ற பெயரைக் கழுவிப் பரதநாட்டியம் என்று பெயர் சூட்டினார்கள். 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார். அடுத்த ஆண்டு கலாட்சேத்திரம் பிறந்தது. வருவாய்க் கவலை இல்லாத குடும்பத்துப் பெண்கள் ஆட வந்தனர். கலை ‘தூய்மை’ பெற்றதாம்! அதை நூற்றாண்டுகளாகப் பட்டினியோடு காத்தவள் அழுக்காகிவிட்டாள். தஞ்சை அரண்மனைப் பாப்பம்மாள் வழியில் வந்த பாலசரசுவதிக்கே (1918–1984) 1940-களில் மேடை அருகியது. பின்னாளில் வித்வத் சபை நடத்திய நடனப் பள்ளியில் கற்பித்ததும், 1960-களில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கற்பித்ததும்தான் அவருக்குப் பிடிமானமாயின. உலகம் வியந்த ஆட்டக்காரிக்கும் கடைசியில் தேவைப்பட்டது ஆசிரியர் ஊதியமே.

இராமாமிர்தம் அம்மையார் 1962-இல் மறைந்தார். 1989-இல் அவர் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. 2022-இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. ‘புதுமைப் பெண்’ என்று பெயர். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். பத்து ரூபாய்க்கும் பழைய புடவைக்கும் கைமாறியவரின் பெயரில் அந்தப் பணம் மாதந்தோறும் போகிறது. திருமணத்துக்கு ஒரு தடவை கொடுப்பதைவிடப் படிப்புக்கு மாதந்தோறும் கொடுப்பது எத்தனையோ மடங்கு மேல் என்பது நம் எண்ணம்.

ஆனால் இந்த வயல்களின் நடுவே இன்றும் சலங்கை ஒலிக்கிறது. கரகாட்டக்காரி இருக்கிறாள்; திருவிழா மேடையில் திரைப்பாட்டுக்கு ஆடும் ஆடல் பாடல் குழுப் பெண் இருக்கிறாள். அவர்களுடைய ஆண்டும் பழைய பஞ்சாங்கம்தான். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி என்று கோயில் கொடை நடக்கும் மாதங்களில் இரவெல்லாம் ஆட்டம். பகலெல்லாம் வண்டிப் பயணம். அடைமழைக் காலத்தில் அடுத்தவர் வயலில் களையெடுப்பு, அல்லது குழுத் தலைவரிடம் அடுத்த பருவத்துக்கான முன்பணம். முன்பணம் வாங்கியவள் அடுத்த பருவத்தில் ‘இந்த ஊர் வேண்டாம், இந்த மேடை வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. காவல்துறை அனுமதி மறுத்தால் ஆட்டம் இல்லை. ஆபாசம் என்று வழக்கு வந்தால் ஆட்டம் இல்லை. மேடையின் கீழே நின்று ரூபாய்த் தாளை நீட்டியவர் மீது எந்த வழக்கும் வருவதில்லை. 2020 மார்ச்சு 25-இல் நாடு பூட்டப்பட்டபோது பங்குனி நடந்துகொண்டிருந்தது. 2021-லும் பூட்டு சித்திரையில்தான் விழுந்தது. ஆண்டு முழுதும் உண்ண வேண்டியதைச் சம்பாதிக்கும் நான்கைந்து மாதங்கள், இரண்டு ஆண்டு அடுத்தடுத்துப் போயின.

நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் என்று ஒன்று உண்டு. அதில் பதிந்தவர் யார், பதியாதவர் யார், ஆடல் பாடல் பெண்ணைக் கலைஞர் என்று ஏற்று அட்டை கொடுக்கிறார்களா என்பதையெல்லாம் சென்னையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. கூத்தாநல்லூர், மன்னார்குடி, திருவாரூர் வட்டாரத்து மன்றங்களும் படிப்பகங்களும் ஒரு மாதம் ஒதுக்கி, ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுக்கலாம். தோழர்கள் போகும்போது நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளட்டும்: சென்ற ஐப்பசியில் எதை அடகு வைத்தீர்கள்? எத்தனை வட்டிக்கு? மீட்டுவிட்டீர்களா?